அழகு நிலையத்து ஆங்கிலம்

வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையை விட்டு சிம்பாங் பூலாயில் இறங்கினால் ஒரு பாதை கேமரன் மலைக்கு ஏறும், இன்னொன்று ஈப்போவுக்குப் போகும். சாலையை ஒட்டிச் சுண்ணாம்புக் குன்றுகள். சிலவற்றின் முகம் வெட்டப்பட்டு வெள்ளை வெளேரென்று தெரியும். கிந்தா பள்ளத்தாக்கின் இந்தக் கல்லை அரைத்தெடுக்கும் கால்சியம் கார்பனேட் தூள்தான் பெயின்டுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிறது. பற்பசையிலும் முகப் பவுடரிலும் சேர்கிற பொருளும் அதுவே. குன்றுகளின் அடியில் வரிசை வரிசையாகத் தாமான்கள். அவற்றின் கடைவரிசை மாடிகளிலும் வீட்டு முன்னறைகளிலும் நம் பெண்கள் அழகுத் தொழில் செய்கிறார்கள்.

பலகையைப் படித்துப் பாருங்கள். பேசியல், த்ரெடிங், வேக்சிங், ஸ்க்ரப், மெனிகியூர், பெடிகியூர், பாடி மசாஜ், ஹேர் ஸ்பா, பிரைடல் மேக்கப். எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும் சொல் எல்லாம் ஆங்கிலம். இதில் எனக்குக் குறை இல்லை. 'பேசியல் வேணும்கா' என்று கேட்டு வருகிறவருக்கு அந்தப் பெயரில்தான் கடை தெரிய வேண்டும்.

பலகையில் ஏறாத ஆங்கிலம் ஒன்று உண்டு. கான்ட்ரா இண்டிகேஷன், பேட்ச் டெஸ்ட், அலர்ஜி, வேரிக்கோஸ் வெயின், திராம்போசிஸ், ஹைப்பர் பிக்மென்டேஷன். பலகையில் இருக்கும் சொற்கள் வாடிக்கையாளரைக் கடைக்குள் அழைத்து வரும். வந்தவர் நலமாக வீடு திரும்ப இந்தச் சொற்கள் வேண்டும். முன்னதை ஒரு பெண் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறாள். பின்னதை அவளுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் உட்கார வைத்துச் சொல்லித் தருபவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது.

மூன்று மொழிகளுக்கு நடுவில்

பேராக்கின் இந்தப் பக்கத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் கதையை மறுபடி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலிலிருந்து தோட்டங்களைக் காப்பாற்றத்தான். காப்பாற்றப்பட்ட தோட்டங்கள் சில, கைமாறிச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனவை பல. விடியலுக்கு முன் பால் கத்தியோடு கிளம்பிய பெண்களின் பேத்திகள் இன்று தொழிற்சாலையில் இருக்கிறார்கள், பேரங்காடிக் கல்லாவில் இருக்கிறார்கள், அழகு நிலையத்திலும் இருக்கிறார்கள்.

இந்தத் தொழில் அவர்களைக் கவர்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஸ்டீமர், ஒரு வேக்ஸ் ஹீட்டர் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்த பிறகு வேலை பார்க்கலாம். தீபாவளியும் கல்யாண மாதங்களும் கை கொடுக்கும். தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டம் இந்தியச் சிறுதொழில் செய்பவர்களுக்காகவே இருக்கிறது.

படிப்பில்தான் சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழில் படித்த பெண், இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி எஸ்.பி.எம். முடிக்கிறாள். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். சான்றிதழுக்குப் போனால் பெரும்பாலும் மலாயில் பயிற்சி. அழகுக்கலைப் பாடநூல்களோ ஐரோப்பாவில் வளர்ந்தவை. 1946-இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த சிடெஸ்கோவும், அடுத்த ஆண்டு பிரிட்டனில் தொடங்கிய ஐடெக்கும் வகுத்த பாடத்திட்டங்களின் சொற்களே உலகமெங்கும் ஓடுகின்றன. கிரீம் புட்டியிலும் இயந்திரக் கையேட்டிலும் அதே ஆங்கிலம். கடைக்கு வருகிற அக்காவோ தமிழில் பேசுகிறார், பக்கத்து வீட்டு மக்சிக் மலாயில் பேசுகிறார், பின்தெருச் சீன அம்மா எல்லா மொழியையும் கலந்து பேசுகிறார். ஒரு இருபது வயதுப் பெண் இத்தனை மொழிகளையும் தலையில் வைத்துக்கொண்டுதான் அடுத்தவர் முகத்தில் கை வைக்கிறாள். அவளை எண்ணி எனக்கு மதிப்பு உண்டு. அவளுக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற ஆதங்கமும் உண்டு.

அட்டையில் இருக்கும் கேள்விகள்

முறையாகப் பயின்ற எந்த நிலையத்திலும் முதலில் ஒரு அட்டை நீட்டுவார்கள். கன்சல்டேஷன் கார்டு. பெயர், வயது, தொலைபேசி எண். அதன் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள்: டயாபெட்டிஸ், ஹைப்பர்டென்ஷன், எபிலெப்சி, பேஸ்மேக்கர், பிரெக்னன்சி, ரீசன்ட் சர்ஜரி, ஸ்கின் டிஸார்டர், மெடிகேஷன். பக்கத்தில் யெஸ், நோ.

வாடிக்கையாளர் என்ன செய்கிறார்? கண்ணாடி கொண்டு வரவில்லை, அவசரம், பாதி சொல் புரியவில்லை. மேலிருந்து கீழ்வரை நோ, நோ, நோ என்று கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். எதிரே நிற்கும் பெண்ணுக்கும் சில சொற்களில் ஐயம் இருப்பதால் அவளும் கேட்பதில்லை. அட்டை கோப்புக்குள் போகிறது. கேட்கப்பட வேண்டியது கேட்கப்படவில்லை.

அதையே வாயால், தமிழில் கேட்டால் எப்படி இருக்கும்? 'அக்கா, இனிப்பு நீர் இருக்கா? ரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுக்கிறீங்களா? வலிப்பு வந்திருக்கா? நெஞ்சுக்குள்ள கருவி ஏதும் வச்சிருக்காங்களா? முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?' ஒரு நிமிடம் போதும். நோ என்று கோடு இழுத்த அதே அக்கா, 'ஆமாம்மா, மூணு வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுறேன்' என்பார்.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கால்வானிக், ஹை ஃப்ரீக்வன்சி போன்ற மின்சாரக் கருவிகள் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவரின் தோல் மெலிந்து எளிதில் உரியும் நிலையில் இருக்கும். அவருக்கு மேலுதட்டிலோ புருவத்திலோ வேக்ஸ் வைத்து இழுத்தால் முடியோடு தோலும் வந்துவிடும். மாத்திரையை நிறுத்திச் சில மாதங்கள் ஆகும்வரை வேக்ஸ் வேண்டாம் என்பதுதான் பாடம். பாடநூல் இதைக் கான்ட்ரா இண்டிகேஷன் என்கிறது. நம் கடையில் 'இவங்களுக்கு இது ஆகாது' என்று சொல்லிவிடலாம். அதிலும் இரண்டு நிலை உண்டு. முழுக்கவே ஆகாது என்பது ஒன்று, காயம் பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம் என்பது மற்றொன்று. செய்து முடித்த பிறகு சிவந்தால், கொப்பளித்தால், வீங்கினால் அதற்குக் கான்ட்ரா ஆக்‌ஷன் என்று தனிப் பெயர். முதல் சொல் கை வைக்கும் முன் யோசிக்க, இரண்டாவது சொல் கையை எடுத்த பின் கவனிக்க. கேட்கும்போது ஒன்றுபோல ஒலிப்பதால் தேர்வில் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் ஒருமுறை விளங்கிக்கொண்டால் பிறகு எந்த மொழியில் கேட்டாலும் தடுமாற மாட்டார்கள்.

பெடிகியூரை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் சமூகத்தில் மிகவும் கவலைப்பட வேண்டியது அதுதான். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். கொதிக்கிற வெந்நீரில் கால் வைத்தாலும் அவருக்குச் சூடு தெரியாது. 'தண்ணி சூடு சரியா இருக்காக்கா?' என்று கேட்டால் 'சரியா இருக்கும்மா' என்றுதான் சொல்வார். ஆகவே அவரிடம் கேட்பதோடு நிறுத்தக்கூடாது, தன் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். நகத்தின் ஓரச் சதையான கியூட்டிக்கிளை வெட்டக் கூடாது, மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும். குதிகால் தடிப்பைப் பிளேடால் சீவவே கூடாது. ஒரு சிறு கீறல் ஆறாத புண்ணாகி, மருத்துவமனையில் விரலை எடுக்கும் நிலைவரை போக வழி உண்டு. விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். புண் ஏற்கெனவே இருந்தால், 'அக்கா, முதல்ல கிளினிக் போய்க் காட்டுங்க, ஆறினதும் வாங்க' என்று திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைய வருமானம் கொஞ்சம் போகும், அந்த அக்காவின் கால் தப்பும்.

நீவலும் பிசைதலும்

மசாஜ் கற்க வரும் பெண்கள் மிரளும் சொற்கள் ஆங்கிலம்கூட இல்லை. எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ், டப்போட்மான். எல்லாம் பிரெஞ்சு. ஸ்வீடிஷ் மசாஜ் என்ற பெயரோடு சுவீடன்காரர் பெர் ஹென்ரிக் லிங்கின் பெயரை எல்லாரும் சேர்த்துச் சொன்னாலும், 19-ஆம் நூற்றாண்டில் அந்த அசைவுகளை முறைப்படுத்தி இந்தப் பெயர்களோடு பரப்பியவர் யோஹான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர். அதனால்தான் சிம்பாங் பூலாயில் ஒரு பெண் சுவீடன் பெயருள்ள மசாஜை, பிரெஞ்சுச் சொற்களில், ஆங்கிலப் புத்தகத்தில், மலாய் வகுப்பில் படிக்கிறாள்.

அவள் பாட்டிக்கு இந்த அசைவுகள் அனைத்தும் தெரியும். உள்ளங்கையை வைத்து நீளமாக இழுத்தால் நீவுதல், அதுவே எஃப்ளூராஜ். சதையைப் பிடித்து மாவுபோலப் பிசைந்தால் பெட்ரிசாஜ். கையால் தட்டித் தட்டி விடுவது டப்போட்மான். கட்டைவிரலால் ஒரே இடத்தில் தேய்ப்பது ஃப்ரிக்‌ஷன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிட்ட கை, பேறுகாலத்துக்குப் பின் இடுப்பை அமுக்கிவிட்ட கை, சுளுக்குக்கு நீவிவிட்ட கை தோட்டத்து லயங்களில் இருந்தது. மலாய்க்காரர் வீட்டில் அதே வேலைக்கு உருட் என்று பெயர். பயிற்சியாளர் முதல் நாளே 'நீவு, பிசை, தட்டு, தேய்' என்று கை வைத்துக் காட்டிவிட்டு, மறுநாள் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னால் போதும். எந்த அசைவு ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது, எது தசையை இளக்குகிறது என்பது கைக்கு முன்பே புரிந்திருக்கும்.

பாட்டிக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைக் கட்டாயம் கற்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் காலின் உள்ளே ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். டீப் வெயின் திராம்போசிஸ். அதைப் பிசைந்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கக் கூடும். நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆனவர் ஆகியோரிடம் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். 'கால் வலிக்குதும்மா, நல்லா அமுக்கு' என்று அவரே கேட்பார். அமுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்தவளே தேர்ந்த மசாஜ்காரி.

இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், ஈப்போவை ஒட்டிய தம்புனில் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிறது. அங்கே சன்வே குழுமம் நடத்தும் பஞ்சாரான் வெந்நீர் ஊற்று விடுதியில் சுண்ணாம்புக் குகைக்குள்ளேயே நீராவிக் குளியல். அப்படிப்பட்ட இடங்களில் வேலை கிடைத்தால் விருந்தினர் எந்த நாட்டிலிருந்தும் வருவார், அங்கே பேச்சு ஆங்கிலம் அவசியம். அதற்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை, பத்து இருபது வாக்கியம் வாயில் பழகினால் போதும். 'இஸ் த பிரஷர் ஓகே, மேம்?' 'ப்ளீஸ் லெட் மீ நோ இஃப் இட்ஸ் டூ ஹாட்.' 'எனி ஏரியா யூ வான்ட் மீ டு அவாய்ட்?' இந்த மூன்றாவது வாக்கியம் விலைமதிப்பற்றது. எந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று விருந்தினர் கூச்சமின்றிச் சொல்ல அது வழி விடுகிறது. நம் பெண்கள் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு வேலையை விட்டுவிடுவதைக் கேள்விப்படும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. கை வேலை அவ்வளவு நன்றாக இருக்கும். வாய்க்குப் பழக்கம்தான் போதாது.

ஒரே பெயர், வேறு வேலை

ஆபத்தான இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். த்ரெடிங் என்றால் பருத்தி நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரு கைகளாலும் விரித்துச் சுருக்கிப் புருவ முடியை எடுப்பது. த்ரெட் லிஃப்ட் என்றால் கரையும் நூலை ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் செலுத்தித் தொங்கும் கன்னத்தைத் தூக்குவது. முன்னது நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது, பின்னது மருத்துவர் செய்ய வேண்டியது. பீல் ஆஃப் மாஸ்க் என்பது காய்ந்ததும் உரித்தெடுக்கும் பூச்சு. கெமிக்கல் பீல் என்பது அமிலத்தால் தோலின் மேற்படலத்தையே கழற்றுவது. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. கைப்பேசியில் இரண்டு காணொளி பார்த்த தைரியத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறார்கள். ஃபில்லர், போட்டாக்ஸ், வெள்ளைத் தோலுக்கான ஊசி, வைட்டமின் டிரிப் எல்லாம் இந்தத் தாவலில் வருபவை.

ஊசி தோலுக்குள் போகிற எதுவும் அழகு நிலையத்து வேலை இல்லை. சுகாதார அமைச்சு இதை அடிக்கடி எச்சரித்து வருகிறது. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி பதிவில்லாமல் கிளினிக் நடத்துபவருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முன்னறையில் ஊசி போடுகிற பெண்ணுக்கு இது தெரியுமா? ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம் என்பதும் தெரியுமா? யாரும் சொல்லவில்லை என்றால் எப்படித் தெரியும்?

லேசரும் ஐ.பி.எல். ஒளிச் சிகிச்சையும் இதே வரிசைதான். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தோலை வெயிலில் எப்படி எரிகிறது, எப்படிக் கறுக்கிறது என்று பார்த்து வகைப்படுத்தினார். முதலில் வெள்ளைத் தோலுக்கு நான்கு வகை. பழுப்பு, கறுப்புத் தோலுக்கான ஐந்தாவதும் ஆறாவதும் பின்னால் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறுக்குள் வருகிறோம். முடியின் கறுப்பைத் தேடிப் போகும் ஒளி, நம் தோலின் மெலனினிலும் சூடேறிவிடும். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே வைத்தால் சுட்டுவிடும். அமில பீல் அளவு மீறினாலும், பருவைக் கிள்ளினாலும், வேக்ஸ் சூடு கூடினாலும் நம் தோல் சிவப்பைவிடக் கறுப்பாகவே தன் வலியைக் காட்டும். மாதக்கணக்கில் போகாத அந்தக் கரும்படிவுதான் ஹைப்பர் பிக்மென்டேஷன். ஐரோப்பியப் பாடநூலின் படங்கள் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். நம் தோலில் அலர்ஜி எப்படித் தெரியும் என்பதை நம் பிள்ளைகள் நம் முகங்களைப் பார்த்துத்தான் படிக்க முடியும்.

புட்டியின் பின்பக்கம்

முன்பக்கச் சொற்கள் மாறிக்கொண்டே இருக்கும். 'ஒயிட்னிங்' போய் 'பிரைட்னிங்' வந்தது, பிறகு 'க்ளோ' வந்தது. ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. படிக்க வேண்டியது பின்பக்கம். அங்கே சேர்மானங்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். குர்குமா லாங்கா என்றால் நம் மஞ்சள், அசாடிராக்டா இண்டிகா என்றால் வேம்பு, அக்வா என்றால் வெறும் தண்ணீர். 'மஞ்சள் கிரீம்' என்று பெரிதாக விற்கிற புட்டியில் மஞ்சள் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மதிப்பு விளங்கிவிடும்.

மலேசியாவில் விற்கும் ஒப்பனைப் பொருளுக்கு தேசிய மருந்தக ஒழுங்குமுறை அமைப்பில் அறிவிக்கை எண் இருக்க வேண்டும். என்.ஓ.டி. என்று தொடங்கி, கடைசியில் கே என்று முடியும். அந்த அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். 'கே.கே.எம். லுலுஸ்', அதாவது சுகாதார அமைச்சு அங்கீகரித்தது என்று விற்கிறவரை நம்ப வேண்டாம். அது அறிவிக்கை, தரச் சான்று இல்லை. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டு அறிவிக்கை ரத்தான கிரீம்களின் பெயர்களை அந்த அமைப்பு தொடர்ந்து வெளியிடுகிறது. பாதரசம் சேர்த்தவன் அதைப் பட்டியலில் எழுத மாட்டான். ஆனால் ஒரு தடயம் இருக்கும்: தங்கம், வெள்ளி, அலுமினிய நகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குறிப்பு. முகத்துக்குப் போடும் கிரீம் நகையில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பாதரசம் உலோகத்தோடு கலக்கும், உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பசார் மாலாமில் ஒட்டுச்சீட்டு இல்லாத டப்பாவில் விற்கிற வெள்ளைக் கிரீமை வாங்கி வாடிக்கையாளருக்குத் தடவுகிற பெண், நாள் முழுதும் அதைத் தன் விரல்களிலும் ஏற்றிக்கொள்கிறாள்.

யார் சொல்லித் தருவது?

அரசின் மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் ஆதரவில் இந்தியப் பெண்களுக்குப் பயிற்சிகள் நடக்கின்றன. சமூகக் கல்லூரிகளில் அழகு, ஸ்பா படிப்புகள் உண்டு. தனியார் மையங்கள் புந்தோங்கிலும் ஈப்போ லிட்டில் இந்தியாப் பக்கமும் பலகை வைத்திருக்கின்றன. சான்றிதழும் கையில் ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டியில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் சேர்ந்த ஒரு கன்சல்டேஷன் அட்டைக் கட்டு இருக்க வேண்டும். செலவு மிகச் சிறிது. கூடவே தமிழில் இருபது பக்கக் கையேடு: யாருக்கு எது ஆகாது, எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், புட்டியில் எதைத் தேட வேண்டும். ஒரு தோல் மருத்துவரும் இரண்டு அனுபவமுள்ள அழகுக்கலைஞரும் தமிழாசிரியர் ஒருவரும் உட்கார்ந்தால் ஒரு மாத வேலை. ஈப்போவிலேயே அத்தனை பேரும் இருக்கிறார்கள். கடன் கொடுக்கும்போது ஸ்டீமர் வாங்கியதற்கு ரசீது கேட்கிறோம். பேட்ச் டெஸ்ட் செய்யத் தெரியுமா என்றும் கேட்கலாம்.

தீபாவளி சீசனிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அப்போதுதான் முடிச்சாயமும் மருதாணியும் அதிகம். இயற்கை மருதாணி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் சிவக்கும். பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிற 'பிளாக் ஹென்னா'வில் இருப்பது பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயப் பொருள். தோலில் நேரடியாகப் போடக் கூடாதது அது. முடிச்சாயத்திலும் அதே பொருள் உண்டு. ஐரோப்பாவில் தலையில் பூசும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தவருக்கு அடுத்த முறை கண் மூடுமளவு முகம் வீங்கும். அதனால் சாயம் போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி தடவிப் பார்க்க வேண்டும். இதுதான் பேட்ச் டெஸ்ட். பண்டிகைக்கு முதல் நாள் மாலை ஓடி வருகிறவருக்கு அந்தச் சோதனைக்கு நேரமே இருக்காது. ஆகவே புலனத்தில் முன்பதிவு வரும்போதே கேட்டுவிடுங்கள்: 'அக்கா, டை போடணுமா? அப்ப ரெண்டு நாள் முன்னாடி அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க.'